மேசைக் காலின் கீழ்

ஏழாம் லைனில் என் வலப்பக்கம் எழில்வதனி.
மணித்தியாலத்துக்கு எண்பது கொலர் இலக்கு.
எனக்கு எழுபத்திரண்டுதான் வரும்.
மிச்சம் எட்டையும் சில நாளில் அவளே தைத்து
என் கட்டுக்குள் தள்ளிவிடுவாள்,
ஒன்றும் சொல்லாமல்.

ஆளுக்கொரு ஆத்துமா என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்,
தருமபுரத்துத் தகரக் கொட்டிலில்,
மின்விசிறி நின்றுபோன ஒரு ஞாயிறு.
அவர் தந்த பத்துத் துண்டுப்பிரதியும்
கைப்பைக்குள் சோற்றுப் பெட்டியோடு கிடந்து
மூலையெல்லாம் மீன்குழம்பு மணம்.

சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம்.
கன்ரீனில் தொண்டையைச் செருமி
பாடமாக்கிய முதல் கேள்வியைக் கேட்டேன்:
"உனக்குச் சமாதானம் இருக்குதோ?"

பூசணிக்காயை விரலால் பிளந்தபடி
"சமாதானமோ?
ஏ-ஒன்பது திறக்கேக்கையும்
உதைத்தானே சொன்னவை" என்றாள்.
மேசையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
"எங்கட பங்கருக்குள்ள அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டவ.
பக்கத்துப் பங்கருக்குள்ள மாதாவே எண்டு கேட்டது.
மூண்டாவதுக்குள்ள ஒரு மனிசன்
ஒருத்தரையும் கூப்பிடேல்லை,
பீடிக்கு நெருப்புத்தான் கேட்டவர்.
அவர் இப்பவும் முரசுமோட்டையில மாடு மேய்க்கிறார்.
இப்ப நீ சொல்லு."

நான் பாடமாக்கியதில் அதற்குப் பதில் இல்லை.
அடுத்த கேள்விக்கு இருந்தது.
அதை அவள் கேட்கவில்லை.

நிரோஜினி தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டு
"முகாமுக்குப் பால்மாவோட வந்தவை
பால்மா முடிய வரேல்லையடி" என்றாள்.
பொய்யில்லை.
அந்தப் பால்மா நானும் குடித்தேன்.
அதனால்தான் மாறினாயோ என்று கேட்டிருந்தால்
இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்,
கொஞ்சம் பிந்தி.

மணி அடித்தது.
எழில்வதனியின் மெசின் மேசை
இரண்டு கிழமையாய் ஆடுகிறது,
மெக்கானிக் இன்னும் வரவில்லை.
கையை நீட்டினாள்:
"உன்ர அந்தத் துண்டு ரெண்டு தா."
நாலாய் மடித்து, குனிந்து,
காலுக்குக் கீழே செருகி
ஒருக்கால் உலுக்கிப் பார்த்தாள்.
"இப்ப ஆடேல்லை."
அட்டையில் இருந்த விளக்குப் படம்
பாதி வெளியே தெரிந்தது.
கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன்,
வரவில்லை.

இரவுப் பஸ். பரந்தன் தாண்டியதும்
உள்விளக்கை அணைத்துவிடுவார்கள்.
அந்த இருட்டுக்குள்
பாடமாக்காத ஒன்று வாயில் வந்தது:

"அண்ணா செத்த அண்டைக்கு
நான் கடவுளைக் கூப்பிடேல்லை.
மூண்டு நாள் எனக்குக் குரலே இல்லை.
ஆரெண்டு தெரியாத ஒரு மனிசி
தன்ர பிள்ளைக்கு வைச்சிருந்த கஞ்சியில பாதியை
என்ர வாய்க்குள்ள ஊத்தினவ.
கன காலத்துக்குப் பிறகு
கொட்டிலில அப்பம் பிட்கேக்கை பார்த்தன்,
அதே கை மாதிரிக் கிடந்தது.
அவ்வளவுதான்.
வேற சாட்சி என்னட்டை இல்லை."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.
வயல் இருட்டு, எங்கோ ஒரு ரோச் வெளிச்சம்.
முரசுமோட்டை வர எழும்பி
கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:

"அந்தப் பிள்ளை?"

"எது?"

"பாதிக் கஞ்சி குடிச்ச பிள்ளை.
அது தப்பிச்சுதோ?"

பஸ் நின்றது. இறங்கிவிட்டாள்.

இத்தனை வருடமாய்
அந்தக் கையை எத்தனை சபையில் சொல்லி
எத்தனை அல்லேலூயா வாங்கியிருப்பேன்.
கைக்குப் பக்கத்தில்
வாயைத் திறந்தபடி ஒரு பிள்ளை இருந்ததை
நம்பாதவள் ஒருத்தி கேட்கும்வரை
நான் பார்த்ததேயில்லை.

அன்றிரவு முழங்காலில் நின்றேன்.
எழில்வதனியின் ஆத்துமாவைப் பற்றி
ஒரு சொல்லும் பேசவில்லை.
பெயர் தெரியாத அந்தப் பிள்ளையை
எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்
கனநேரம் சும்மா நின்றேன்.

காலையில் என் கட்டுக்குள்
எட்டுக் கொலர் கூட இருந்தது.